அடிப்பக்கம் எவ்வளவு சூடாகும்?

“கலரு, டிசைனெல்லாம் கெடக்கட்டுங்க. இதோட அடிப்பக்கம் எவ்வளவு சூடாகும்? அத மொதல்ல சொல்லுங்க.”

சூரமங்கலத்தில் அந்த லேப்டாப் கடைக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து மோகனப்பிரியாவிடம் யாரும் இப்படி எடுத்த எடுப்பில் கேட்டதில்லை. எதிரே நின்ற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். பெயர் சௌந்தர்யா, ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம் என்று சொல்லியிருந்தாள். ஏசி ஓடியும் அவள் மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது.

“ஸ்லிம் மாடல்னாலே கொஞ்சம் சூடாகத்தான் செய்யும்க்கா. உள்ள காத்துப் போக எடமில்லைல்ல. இதப் பாருங்க, ஒரு கிலோ சொச்சம்தான். மெட்டல் பாடி. ஸ்பீடும் நல்லாருக்கும். நீங்க சொன்ன பட்ஜெட்டுக்கு இதான் பெஸ்ட்டு.”

“மெட்டல் வேண்டாங்க. சூடு அப்படியே எறங்கும்.”

“அப்ப இந்த பிளாஸ்டிக் மாடல். சூடு கம்மி. ஆனா ஸ்கிரீன் மங்கல். ஸ்லோவாத்தான் ஓடும். அத விடக் கொஞ்சம் கனமும் ஜாஸ்தி.”

“மெதுவா ஓடுனாப் பரவால்லீங்க. கனம்தான்... ரொம்ப நேரம் மடியில அழுந்துமுங்களே.”

“டேபிள்ல வெச்சுக்கலாம்லக்கா?”

“டேபிளெல்லாம் அவருக்குத் தோதுப்படாதுங்க. மடியிலதான் வெச்சுக்குவாரு. எதச் சொன்னாலும் கேக்க மாட்டாரு.”

இரண்டிலும் வீடியோவை ஓடவிடச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல இருந்தது. மெட்டல் மாடலுக்கு அடியிலிருந்து சட்டென்று கையை உருவிக்கொண்டாள்.

அவள் செல்போன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டவளாக எடுத்தாள்.

“இதா ஆச்சுங்க... இல்லீங்க, நீங்க உள்ள வர வேண்டாங்க. கார்லயே இருங்க. நானே பாத்து எடுத்துட்டு வாரேன்.”

“வீட்டுக்காரரா?” என்று கேட்டாள் மோகனப்பிரியா.

“ஆமாங்க. அவருக்குத்தான் இது.”

“சூடானாக் கத்துவாரோ?” மோகனப்பிரியா விளையாட்டாகத்தான் கேட்டாள்.

சௌந்தர்யா சிரிக்கவில்லை. “கத்துனாத் தேவலைங்களே. வாயத் தெறக்க மாட்டாரு. அவரு பாட்டுக்குச் சிரிச்சுட்டே இருப்பாரு. அதாங்க எனக்குப் பயமே.”

மோகனப்பிரியாவின் அக்கா அறிவுச்செல்வியின் புருஷனும் இப்படித்தான். குரலை உயர்த்தியே பேச மாட்டார். கதவைச் சாத்திவிட்டு டிவி சத்தத்தை மட்டும் கூட்டுவார். மணிக்கட்டு முறிந்து, அக்கா அம்மாபேட்டை வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் பெற்றவர்களுக்கே விஷயம் தெரிந்தது.

“அக்கா... முன்னாடி ஏதாச்சும் ஆச்சா?”

சௌந்தர்யா கடை வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “பழைய லேப்டாப்புனால பட்டது போதுமுங்க. தொடையில உள்ளங்கை அகலத்துக்குத் தீஞ்சு போச்சு. ஆசுபத்திரியே கதின்னு கெடந்தோம். இப்பவும் ராத்திரியில அத நெனச்சாத் தூக்கம் வராதுங்க, அம்மிணி.”

கொதிக்கிற லேப்டாப்பை இவள் மடியில் வைத்து அழுத்துகிற ஒரு முரட்டுக் கை மோகனப்பிரியாவின் கண்முன் வந்து போனது. “அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க...”

மறுபடியும் போன் அடித்தது. “வந்துட்டேனுங்க, வந்துட்டேன்!” சௌந்தர்யா பதறினாள். “அம்மிணி, பிளாஸ்டிக்கே இருக்கட்டும். வெரசா பில்லப் போடுங்க.”

மோகனப்பிரியா பில்லைப் போட்டாள். இன்றைக்கு இவளை இப்படியே அனுப்பிவிட்டு நாளைக்குப் பேப்பரில் படிக்க வேண்டுமா? அந்த ஆள் முகத்தையாவது பார்த்து வைத்துக்கொள்ளலாம். பார்க்க ஓர் ஆள் இருக்கிறது என்று அவனுக்கும் தெரியட்டும்.

“நானே கார் வரைக்கும் கொண்டு வந்து தர்றேன்க்கா,” என்று பெட்டியை ஒரு கையில் அணைத்துக்கொண்டாள். மறுகையில் செல்போன். பெண்கள் உதவிக்கான 181 திரையில் தயாராக இருந்தது. அழுத்தினால் போதும்.

வேப்பமரத்தடியில் கார் நின்றது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் வாட்டசாட்டமான ஒருவர். தோள் அகலமே பயமுறுத்தியது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க அம்மிணி. குடுங்க, எப்படி இருக்குதுன்னு பாக்கலாம்.”

பெட்டியைப் பிரித்து லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தார். அடுத்த நொடி, திறந்திருந்த கதவு வழியாகப் பாய்ந்து, லேப்டாப்புக்கும் அவர் தொடைக்கும் நடுவில் தன் கையைச் செருகினாள் சௌந்தர்யா. மோகனப்பிரியாவின் கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது.

“கைய எடு புள்ள. இப்பத்தான தெறந்தேன், ஒண்ணும் ஆவாது,” என்று அவர் சிரித்தார்.

சௌந்தர்யா கையை எடுக்கவில்லை. மோகனப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

“போர் போடுற ரிக்கு வண்டி மேல இருந்து விழுந்ததுல இருந்து அவருக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லீங்க, அம்மிணி. போன தடவ, அவரு தோலு தீயுற வாசம் அடுப்படிக்கு வந்த பெறகுதான் எங்க ரெண்டு பேருக்குமே தெரிஞ்சுது.”