பத்தாவது ‘வேண்டாம்’

“ஒரே ஒரு தடவை வேண்டாம்னு சொல்லிடுங்க சார், உங்களுக்குக் கோடிப் புண்ணியம்!”

மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த ஜீன்ஸ் பையைப் புரட்டிப் பார்த்தார், ஜிப்பை இழுத்துப் பார்த்தார். “எதுக்கும்மா வேண்டாம்? நல்லா கெட்டியா இருக்கே. வீட்டுக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணு, ரெண்டா குடு” என்றார்.

பைக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். வியாபாரம் ஆகிவிட்டதே என்று ஒரு வியாபாரி இடிந்துபோய் நிற்பதை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது.

கூட வந்த பார்லர் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கெஞ்சி வாங்கினா அது சேர்த்தியே இல்லடி. மேடம் என்ன சொன்னாங்க?”

இருவரும் பெண்களுக்கான தொழில்முனைவோர் பயிற்சியில் ஒரே பெஞ்ச். பயிற்சி தரும் மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: “வேண்டாம்கற வார்த்தைக்குப் பயப்படறவங்க கடை திறக்க முடியாது. அதனால ஆளுக்குப் பத்து பேர்கிட்ட வேண்டாம்னோ முடியாதுன்னோ வாங்கிட்டு வரணும். உங்களுக்கு நிஜமாவே வேணும்கறதைத்தான் கேக்கணும். சொன்னவங்ககிட்ட ஏன்னு காரணம் கேக்கணும், கேக்காட்டி செல்லாது.” பத்தையும் முடித்தவர்களுக்குத்தான் நாளை நடக்கும் கண்காட்சியில் கடை போட இடம்.

பைக்காரிக்கென்றே வைத்த சோதனை அது. வேண்டாம் என்று யாராவது முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்திலேயே, பழைய ஜீன்ஸ் பேன்ட்டுகளைப் பிரித்து அவள் ஆசை ஆசையாய்த் தைத்த பைகளையெல்லாம் சொந்தக்காரர்களுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். ஒவ்வொரு கதவாகத் தட்டி ஒன்பது வாங்கிவிட்டாள். அதற்குள் பயம் போய் வாய் வந்துவிட்டது. வாய் வந்ததும், கேட்டவர்கள் எல்லாரும் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். பத்தாவது மட்டும் இரண்டு வாரமாகக் கண்ணாமூச்சி காட்டியது.

“ஏண்டி, உன் வீட்டுக்காரரைக் கேட்டியா?” என்றாள் அக்கா.

பைக்காரி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். அட, இது ஏன் இவ்வளவு நாளாகத் தோன்றவில்லை!

அவள் வீட்டுக்காரருக்குக் குடும்பத்தில் ‘வேண்டாம் மாமா’ என்றே பெயர். ஃபேன் போடட்டுமா? வேண்டாம். சோபா மாற்றலாமா? வேண்டாம். கல்யாணத்துக்கு மட்டும் எப்படியோ சரி சொல்லிவிட்டார். அதை அவள் இன்னும் ஓர் அதிசயமாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். வாசலில் அவருடைய ஆபீஸ் ஷூ தூசி படிந்து கிடந்தது. தினமும் முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் போடுகிற மனிதர். இவருக்கும் சோம்பேறித்தனம் வந்துவிட்டதா என்று நினைத்துக்கொண்டாள். பயிற்சிக்காகக் காலையில் இவளே முதலில் கிளம்பி ஓடுவதால், வீட்டில் எதையுமே சரியாகப் பார்க்க முடிவதில்லை.

அவர் மேஜையில் உட்கார்ந்து அவளுடைய ஜிப்களை நீளவாரியாகப் பிரித்து டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எதையாவது அடுக்காமல் கை சும்மா இருக்காது.

புது மெஷின் கேட்டால் கண்டிப்பாக வேண்டாம் கிடைக்கும். ஆனால் அந்த அடுக்கு டப்பாக்களைப் பார்த்ததும், நிஜமாகவே தனக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

“ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா?”

“வேண்டாம்.”

“இது சேராது. நான் இன்னும் கேக்கவே இல்ல.” மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். “உங்க வேலைய விட்டுட்டு, என்னோட சேர்ந்து இந்தத் தொழிலைப் பார்த்துக்கறீங்களா? விளையாட்டுக்கு இல்ல, நிஜமாத்தான் கேக்கறேன். வெட்டறது, தைக்கறது, கணக்குன்னு தனியா முடியலங்க.”

அவர் கையிலிருந்த ஜிப் நழுவிக் கீழே விழுந்தது.

“முடியாது” என்றார்.

“ஐயோ, வாங்கிட்டேன்!” பைக்காரி துள்ளிக் குதித்தாள். அந்தச் சூட்டோடு அக்காவுக்குப் போன் போட்டாள். “பத்தும் ஆச்சுக்கா! நாளைக்கு எனக்கும் கடை உண்டு!”

சொல்லும்போதே மனசின் ஒரு மூலையில் சுருக்கென்றது. ஆயிரத்துக்கு வேண்டாம் சொன்ன மனிதர், இந்த ஒன்றுக்காவது சரி என்று சொல்லியிருக்கலாம்.

“ஏன்னு கேட்டியா?” போனில் அக்கா அதட்டினாள். “கேக்காட்டி அது செல்லாதுடி!”

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். “ஏன் முடியாதாம்? காரணம் சொல்லுங்க, மேடம் கேப்பாங்க.”

அவர் சுவரைப் பார்த்தார். டப்பாவின் மூடியைத் திறந்தார், மூடினார்.

“விட்ட வேலைய மறுபடி எப்படி விடறது? போன வாரமே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். நட்டையும் போல்ட்டையும் எண்ணி எண்ணி அலுத்துப் போச்சு. உன் பைக்கு இருக்கற கிராக்கியப் பார்த்தேன், ஆசை வந்துடுச்சு.”

பைக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. போனில் அக்கா “என்னடி ஆச்சு, என்னடி ஆச்சு?” என்று கத்துவதுகூடக் காதில் விழவில்லை.

“ஒரு வாரமா எங்கிட்ட ஏங்க சொல்லல?”

வேண்டாம் மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

“நீ வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயம்!”