கதவுக்கு வெளியே

அபிராமபுரத்துக் கிளினிக்கில் விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிவிதா மூச்சுப் பயிற்சி செய்தாள். ஆறு வயது. மலச்சிக்கலில் நெடுநாளாகத் துடிக்கிற பிள்ளை. வலிக்குப் பயந்து அடக்குவாள். அடக்குவதால் இன்னும் வலிக்கும். வயிறு உப்ப மூச்சை இழுத்து மெல்ல விட்டால், கண்ணாடிக்குள் மீன்கள் மேலே எழும்பும்.

“இந்த அக்கா நல்லா சொல்லித் தராங்க,” என்றாள் நிவிதா.

“எந்த அக்கா?” என்று கேட்டார் பயிற்சி கொடுத்த புஷ்ரா. “அதுல மீனு மட்டும்தானே இருக்கு?”

“கதவுக்கு வெளிய உக்காந்திருக்காங்க. மெதுவா ஆகட்டும், நான் எங்கயும் போகமாட்டேன்னு சொல்றாங்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஷண்முகப்ரியா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். சின்ன வயதில் அவளுக்கும் இதே உபாதைதான். திருவான்மியூர் வாடகை வீட்டில், கக்கூஸ் கதவுக்கு வெளியே சப்பணமிட்டு உட்கார்ந்து அக்கா உமையாள் இதையேதான் சொல்வாள். பார்த்த சினிமாவையெல்லாம் நடித்துக் காட்டுவதுபோலச் சொல்லிச் சிரிக்கவைப்பாள். பத்து வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். மகளிடம் ப்ரியா அவளைப் பற்றிப் பேசியதே இல்லை.

மறுநாள் காலை வீட்டில், கண்ணாடி இல்லாமலேயே நிவிதா பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வழக்கமான அழுகை இல்லை. சிரிப்புச் சத்தம் கேட்டது. ப்ரியா கதவருகே போனாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காரும்மா,” என்றாள் நிவிதா உள்ளேயிருந்து. “அங்க அக்கா இருக்காங்க.”

ப்ரியா ஓர் ஆள் இடம் விட்டுத் தரையில் உட்கார்ந்தாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவள் கை நீட்டி அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். தரை வெதுவெதுப்பாக இருந்தது.