கதவு தட்டும் பயிற்சி

மார்ச் 12, வியாழன்.

இன்று ஒரு சிறு தவறு. தட்டச்சு வகுப்பு முடிந்து தாமதமாகப் போனதால், யாரென்று சொல்லாமலே சபைக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டேன். வீடு வீடாகச் சுவிசேஷம் சொல்ல விசுவாசிகளுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

“தம்பி, நீங்க கடவுளே இல்லைன்னு சொல்ற ஆளா நடிங்க,” என்றார் குழுத்தலைவர் என்னைப் பார்த்து.

“அண்ணன் செத்து ஒரு மாசம் ஆகுது. யாரைக் கும்பிட்டும் பிழைக்கலை. இனி யாரை நம்பறது?” என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். “கண்ணுல தண்ணியே வரவழைச்சிட்டானே,” என்றார் கழுத்தில் அளவு நாடாவோடு இருந்த ஒரு தையல்கார அக்கா.

“பதில் சொல்லுங்களேன்,” என்றேன்.

“நடிச்சது போதும் தம்பி, டீ ஆறுது,” என்றார் குழுத்தலைவர்.

நான் விசுவாசி இல்லை. அந்தக் கேள்வியோடுதான் முதல் தடவையாக அங்கே நுழைந்தேன். ஒருவேளை நான்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ. என் கையில் துண்டுப்பிரசுரக் கட்டைத் திணித்துவிட்டார்கள்.

நாளைய வேலை: மாலை ஆறு மணிக்கு நான்காம் தெருவில், நம்பாதவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.