மறுமுயற்சி: ஞாயிறு காலை 6.15

தூத்தூரிலிருந்து கடலுக்குப் போன ஜஸ்டஸின் படகைப் பன்னிரண்டு நாளாகக் காணவில்லை. தேடப் போன கப்பலும் திரும்பிவிட்டது. அன்றைக்குத்தான், அவனும் மனைவி ஜெசிந்தாவும் சேர்ந்து கேட்கும் பாட்டுச் செயலியிலிருந்து அவள் போனுக்குச் செய்தி வந்தது. "மாதச் சந்தா எடுக்க முடியவில்லை. அட்டைக்காரரின் ஒப்புதல் வரவில்லை. மறுமுயற்சி: ஞாயிறு காலை 6.15."

"அண்ணன் இருக்காரா இல்லியான்னே தெரியல்ல. இவனுவளுக்குப் பாட்டுக் காசு" என்றாள் நாத்தனார் ஷைனி.

ஜெசிந்தா செய்தியின் கடைசி வரியை அவளிடம் காட்டினாள். ஜஸ்டஸ் தன் போனில் விரல் வைத்தால்தான் ஒப்புதல் போகும். அந்த விரல் எப்போது விழும் என்று கணித்த பிறகே சந்தா எடுக்கும் இயந்திரம் மறுபடி கேட்கும், வீணாகக் கேட்காது. போன வருடம் பக்கத்துத் தெரு மேபலின் கணவன் கடலில் காணாமல் போனபோது, அவள் போனுக்கு இதே செயலியிலிருந்து "இனி மறுமுயற்சி இல்லை" என்று மட்டும் வந்தது. மறுநாள் உடல் கரை ஒதுங்கியது.

"அது வெறும் மிஷினு, மைனி" என்றாள் ஷைனி அண்ணியிடம்.

"இருக்கட்டும் பிள்ளே. அதாவது ஒரு நாள் குறிச்சிச் சொல்லுச்சே."

ஞாயிறு காலை இருவரும் கடற்கரையில் நின்றார்கள். சரியாக 6.15க்கு ஜெசிந்தாவின் கையில் போன் அதிர்ந்தது.

"ஒப்புதல் கிடைத்தது. நன்றி."

ஷைனி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு படகும் இல்லை. அந்தத் தண்ணீருக்கு அப்பால் எங்கோ, ஜஸ்டஸின் விரல் ஒரு கண்ணாடித் திரையைத் தொட்டிருந்தது.