இரண்டு கிரேன் சோதனை

தொம்மைக்கு இடுப்பு வலியில் உயிர் போனது. ஆனாலும் சோதனை மேசையை விட்டு எழவில்லை. எதிரே, இரண்டு கால்களும் முட்டிக்கு மேலே போய்விட்ட பேச்சித்தாய் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். துறைமுகக் கூலிகளின் கால்களைக் கிரேனே நடத்துவதற்காகப் பிடரியில் பதிக்கும் ரிசீவரை அவளிடமிருந்து எடுத்து மேசையில் வைத்திருந்தார்கள்.

“எந்தக் கிரேனும் நடன்னு சொல்லல, ஏட்டி. நீயாத்தான் கிரேன்ல தொங்குன சரக்குப் பெட்டிக்கு அடியில போயி நின்னிருக்க,” என்றார் துறைமுக மேலாளர்.

“எங்காலு தானா போச்சு, அண்ணாச்சி,” என்றாள் அவள் தொம்மையிடம்.

தொம்மை ரிசீவருக்குள் அலைகளைக் கலக்கும் மிக்சரில் ஒரு கிரேனின் அலையை மட்டும் விட்டான். சுத்தமாக இருந்தது. இரண்டு கிரேன்களின் அலைகளையும் சேர்த்து விட்டான். யாருமே அனுப்பாத மூன்றாவது அலை ஒன்று திரையில் எழுந்தது. அது ‘நட’ என்ற கட்டளை.

மேலாளர் அவன் காதருகே குனிந்தார். “ரிசீவரப் பதிச்ச அன்னைக்கே இந்தச் சோதனையச் செஞ்சதா கையெழுத்துப் போட்டது நீதானல?”

அன்றைக்கும் இதே இடுப்பு வலிதான். சோதிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தான்.

“என்ன காட்டுது, அண்ணாச்சி?”

தொம்மை ஓர் அலையை அணைத்தான். “நல்லாத்தான் இருக்கு, தாயி.”

“அப்போ தப்பு எம்மேலதானா?” என்று முனகியபடி அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போனாள்.

தொம்மை அவளுக்கு இரண்டு கால்கள் கடன்பட்டிருக்கிறான்.