சுத்தக் கம்பளிக்கு வந்த விருந்தாளி

ஒரு கடையில் ஒரு சிவப்புக் கம்பளம் இருந்தது. அதன் லேபிளில் ‘நூறு சதவீதம் சுத்தக் கம்பளி’ என்று அச்சடித்திருந்தார்கள். பக்கத்தில் கிடந்த தேங்காய்நார் மிதியடியை அது தினமும் விரட்டும். “டேய் நாரு, தள்ளிப் படுடா! நான் யாரு, அசல் கம்பளி!”

ஒருநாள் ஒரு அந்துப்பூச்சி பறந்து வந்து லேபிளைப் படித்தது. அதன் பிள்ளைகளுக்குக் கம்பளி என்றால் உயிர்.

“என் ராசா! முந்நூறு முட்டை இடப் போறேன். பொரிஞ்சதும் புள்ளைங்க உன்னையே தின்னு வளரட்டும்!”

கம்பளம் அலறியது. “யக்கா, லேபிள் பொய்க்கா! நான் நைலான்!”

“மாட்டிக்கிட்டா எல்லாக் கம்பளியும் இதைத்தான் சொல்லும்.”

“நாரண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே!”

‘அண்ணே’வைக் கேட்டு மிதியடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. “தாயி, இவனை நெய்த ஆலை வாசல்லதான் நான் முன்னே கிடந்தேன். எண்பது நைலான், இருபதுதான் கம்பளி.”

“இருபதா? முந்நூறு வாய்க்கு முதல் பந்திக்கே பத்தாதே!” பூச்சி முகத்தைச் சுளித்துக்கொண்டு பறந்துவிட்டது.

இப்போதெல்லாம் சுவரில் காலண்டர் தாள் படபடத்தாலே போதும், கம்பளம் கத்த ஆரம்பித்துவிடுகிறது:

“எண்பது நைலான்க்கா! எண்பது நைலான்!”