நான்கு நொடித் தாவல்

சிதம்பரநாதனின் நாடியைப் பார்க்க மணிக்கட்டைப் பற்றிய செவிலி ரூபவதி திகைத்தாள். அவளுடைய குவார்ட்ஸ் கடிகாரத்தின் நொடிமுள் நின்று நின்று, நான்கு நான்கு நொடிகளாகத் தாவியது.

“நாலு வருசமா ஓடுது. பராமரிப்பே வேண்டாம்னுதானே வித்தாங்க?” என்றாள்.

நாற்பதாண்டுகள் கடிகாரம் பழுதுபார்த்த அவர் கட்டிலில் கிடந்தபடியே சிரித்தார். “பேட்டரி தீரப்போவுது சிஸ்டர். மாத்தச் சொல்லி அதுவே கேக்குது பாருங்க. உசுரு குறைஞ்சா தாவும். ஆனா நேரம் தப்பாது. கெட்டிக்காரி!”

அந்த முள்ளின் நேர்மையை வியந்தபடி அவள் எண்ணத் தொடங்கினாள். விரலடியில் அவருடைய நாடியும் இடையிடையே நின்று தாவியது.

“என்னோடது என்ன கேக்குது?”

ரூபவதி பிடித்த கையை விடவில்லை.

“நேரம் தப்பல ஐயா” என்று சொல்லிவிட்டு, அடுத்த துடிப்புக்காகக் காத்திருந்தாள்.